மூன்றாம் நாள் வீட்டுக்குப் போங்கள்

(திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களே, என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆகிறது. புத்தகம் வந்துவிட்டது, சீருடையும் வந்துவிட்டது. இந்த நேரத்தில் மேடை ஏறுகிறவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பற்றித்தான் பேசுவார்கள். நான் பேச வந்தது, வகுப்பில் காலியாக இருக்கிற இடத்தைப் பற்றி.

பல வருடங்களுக்கு முன்பு என் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் முழுக்க வரவில்லை. பதிவேட்டில் ஒன்பது நாள் ஆன பிறகுதான் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கஞ்சி ஊட்டிக்கொண்டு நின்றாள். புத்தகப்பை உள்ளே ஆணியில் தொங்கியது, எலி கடிக்காமல் இருக்க உயரத்தில் மாட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், தசம வகுத்தல் முடிச்சிட்டீங்களா?"

நடந்தது இதுதான். குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். அம்மாவுக்கு நடவு வேலை. அந்த ஒரு மாதக் கூலியை விட்டால் கடைக்காரரிடம் பதில் சொல்ல முடியாது. "நான் என்ன டீச்சரம்மா செய்வேன், இவள நிறுத்தணும்னு எனக்கு ஆசையா?" என்று அந்த அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. தம்பிக்கு இரண்டரை வயது. இரண்டு தெரு தள்ளி அங்கன்வாடி இருந்தது. அந்த நெருக்கடியில் அது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அங்கன்வாடி அக்காவிடம் நான்தான் போய்ப் பேசினேன். அடுத்த திங்கட்கிழமை அவள் வகுப்பில் இருந்தாள்.

மூன்றாம் நாளே நான் போயிருந்தால் ஆறு பள்ளி நாள் மிச்சமாகியிருக்கும். ஒன்பது நாள் முப்பது நாளாகியிருந்தால் அவள் திரும்பி வந்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் எங்கே போனாலும் இதையே சொல்கிறேன். பிள்ளை படிப்பை விடுவது பரீட்சைக் கூடத்தில் அல்ல, வீட்டில். அதுவும் பெரும்பாலும் பிள்ளைக்குச் சம்பந்தமே இல்லாத காரணத்தால்.

நம் பக்கத்தில் இதற்குப் பெரிய உதாரணம் செங்கல் சூளை. பொங்கல் முடிந்ததும் குடும்பம் குடும்பமாகத் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் போகிறோம். முன்பணம் வாங்கியாகிவிட்டது, போகாமல் இருக்க முடியாது. அங்கே ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. பிள்ளையும் கை கொடுத்தால் கல் கூடும். அப்படித்தான் முழு ஆண்டுத் தேர்வு நேரத்தில் பிள்ளை சூளையில் கல் திருப்பிக்கொண்டிருக்கிறது. போகிற குடும்பத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. கிளம்புவதற்கு முன்பு வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எந்த ஊர், எந்தச் சூளை, எந்த போன் நம்பர் என்று எழுதிக் கொடுங்கள். பாட்டி தாத்தாவிடம் விட்டுப் போக முடிந்தால் விட்டுப் போங்கள். முடியாவிட்டால் அங்கே பக்கத்தில் இருக்கிற அரசுப் பள்ளியில் சேருங்கள். மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை என்று திருப்பி அனுப்பினால் தயங்காமல் பேசுங்கள். 2009ஆம் ஆண்டு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரைக்கும், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது. படிப்பு இடையில் விட்டுப்போன பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆறு மாதம் விட்டுப்போச்சே, இனி எப்படி என்று வெட்கப்பட்டு நிற்க வேண்டாம்.

அப்புறம் பசி. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்று 1920லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளியில் சோறு போட்டது. காமராசர் 1956இல் மதிய உணவைக் கொண்டுவந்தார், எம்.ஜி.ஆர் 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. ஆனால் காலை உணவு ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்கு இங்கே வருகிற பிள்ளை, போன வருடம் வரை பள்ளியில் பொங்கலும் உப்புமாவும் சாப்பிட்ட பிள்ளை, இப்போது வெறும் வயிற்றோடு பஸ் பிடித்து வருகிறது. இரண்டாவது பீரியடில் தலை சாய்ந்தால் சோம்பேறி என்று சொல்லிவிடுகிறோம். ஆசிரியர்களே, முதலில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

சான்றிதழ் விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, ஆதாரில் உங்கள் இப்போதைய போன் நம்பர், இந்த நான்கையும் இந்த மாதமே சரி பார்த்துவிடுங்கள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ் என்கிற தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேர்வாகிற பிள்ளைக்கு வருடம் 12,000 ரூபாய் வீதம் நான்கு வருடம் வரும். வருமானச் சான்றிதழ் கடைசி நாளில் கிடைக்காமல் அந்த விண்ணப்பத்தையே விட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால்தான் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். நடுவில் பள்ளி மாற்ற நினைக்கிறவர்கள் அதையும் யோசித்து முடிவெடுங்கள்.

பெற்றோருக்கு இன்னொன்று. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு விடைத்தாள் வீட்டுக்கு வரும். மதிப்பெண்ணைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு என்று கேட்காதீர்கள். எந்தக் கேள்வி புரியவில்லை என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாகூட இதைக் கேட்கலாம். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனாலும், ரிசல்ட் வந்த கொஞ்ச நாளிலேயே துணைத் தேர்வு வருகிறது. அந்த மே மாதத்து இரண்டு நாள் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பேச ஆள் வேண்டுமென்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது, சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கையெழுத்துப் போட மட்டும் அல்ல அது. எந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். தெருவுக்கு ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் ஒரு பிள்ளை வரவில்லை என்றால் வகுப்பாசிரியர் அந்தத் தெருக்காரரிடம் சொல்லட்டும், அன்று சாயங்காலமே இருவரும் போய்ப் பார்க்கட்டும். மிரட்டப் போக வேண்டாம். உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, என்ன ஆச்சு என்று கேளுங்கள்.

மேடைக்கு வருவதற்கு முன்பு ஏழாம் வகுப்புப் பதிவேட்டைப் பார்த்தேன். ஒரு பையன் திங்கட்கிழமையிலிருந்து வரவில்லை. இன்று வியாழன். ஏரிக்கரைத் தெருவாம். அந்தத் தெருக்காரர்கள் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் டீ குடித்துவிட்டு என்னோடு வாருங்கள். எனக்கு வீடு தெரியாது.