சீக்கிரம் செரிப்பது யாருக்கு நல்லது?

சர்க்கரைக்காரர்களான நம் எல்லோருக்கும் வணக்கம். நடையை முடித்துவிட்டு, பூங்கா வாசலில் ஒரு டம்ளர் கஞ்சியும் குடித்துவிட்டுத்தான் பாதிப் பேர் வந்திருப்பீர்கள். அந்த டம்ளரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் நம் கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். படுத்திருப்பவர் சர்க்கரைக்காரராக இருந்தாலும் அதே பாட்டில்தான். கேட்டால், "சீக்கிரம் செரிக்கும், தெம்பு வரும்" என்போம். உண்மைதான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

ஹார்லிக் சகோதரர்கள் 1873-இல் சிகாகோவில் தொழில் தொடங்கியது கைக்குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் உணவு விற்கத்தான். ஹார்லிக்ஸில் சேரும் பார்லியை முளைகட்டினால் அதில் ஊறும் நொதிகள் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கின்றன. வயிறு செய்யவேண்டிய வேலையில் பாதி முன்பே முடிந்துவிடுகிறது. காய்ச்சலில் கிடப்பவருக்கு அது உதவி. நமக்கோ, அந்தச் சர்க்கரை ரத்தத்தில் எவ்வளவு மெதுவாக ஏறுகிறதோ அவ்வளவு நல்லது.

"நாங்கள் கடைப்பொடியே வாங்குவதில்லை, வீட்டில் முளைகட்டி அரைத்த ராகிமால்ட்தான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அம்மா, அடுப்படியில் நடப்பதும் அதே வேலைதான்! முளைகட்டி, வறுத்து, மைபோல அரைத்து, சல்லடையில் சலித்துத் தவிட்டையும் எறிந்துவிட்டு, நீர்க்கக் காய்ச்சிக் குடிக்கிறோம். பேரனுக்குத் தாராளமாகக் கொடுங்கள். உங்களுக்கு அதே கேழ்வரகு களியாகட்டும், கீரைக்குழம்போடு அளவாகச் சாப்பிடுங்கள். கஞ்சியை விட முடியாதென்றால், குடித்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். என் பேச்சைவிட அந்த எண் தெளிவாகச் சொல்லும். இன்னொன்று: கஞ்சி குடித்த பிறகு இட்லியைக் குறைக்கிறோமா? இல்லை. கஞ்சி நம் கணக்கிலேயே வருவதில்லை.

டப்பாவில் "சர்க்கரை சேர்க்கவில்லை" என்று போட்டிருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். எடையில் அதிகமானதுதான் பட்டியலில் முதலில் வரும். அங்கே மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி) என்று இருந்தால், அதுவும் குளுக்கோஸாகத்தான் மாறும், அதுவும் வேகமாக. 'ஹெல்த் டிரிங்க்' என்பதற்கு நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. அதனால்தான் 2024-இல் போர்ன்விட்டா போன்றவற்றை அந்தப் பிரிவிலிருந்து எடுக்கும்படி ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசு சொன்னது.

வேகம் தேவைப்படும் நேரமும் உண்டு. இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி வியர்த்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அப்போது களி கிண்ட உட்காராதீர்கள்.

முன்வரிசையில் ஓர் அம்மா பாகற்காய்ச் சாறு பற்றிக் கேட்கக் கை தூக்கியிருக்கிறார். மாத்திரையும் போட்டுக்கொண்டு அதையும் குடிக்கிறீர்களா? அப்படியானால் முதல் கேள்வி உங்களுடையதுதான். மைக்கை அவரிடம் கொடுங்கள்.