கொறஞ்சது நன்றி இல்லீங்க

எல்லாருக்கும் வணக்கம். முதல்ல ஒரு நாற்காலி போடுங்க, உக்காந்துதான் பேசப்போறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஏழாவது மாசம் நடக்குது, இந்த மூணு படி ஏறுனதுக்கே மூச்சு வாங்குது. மைக்கையும் கொஞ்சம் எறக்குங்க... ஆங், போதும்.

பேசக் கூப்பிட்டவங்க "குழந்தைங்கள பத்தி சந்தோஷமா ஏதாவது சொல்லுங்க"ன்னாங்க. சந்தோஷமாதான் சொல்லப்போறேன், நடுவுல புலம்பலும் வரும், ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு வைக்க எனக்குத் தெரியல.

வீட்ல ஏற்கனவே ரெண்டு இருக்கு. பெரியவளுக்கு ஆறு வயசு, சின்னவனுக்கு மூணு. முதல் தடவை மாசமா இருந்தப்ப தூக்கம் வந்தா தூங்குனேன், வாந்தி வந்தா எடுத்துட்டு படுத்துக்கிட்டேன், ராணி மாதிரி. இப்ப பாத்ரூம்ல குனிஞ்சு நிப்பேன், சின்னவன் பின்னாடியே வந்து முதுகுல தட்டிக் குடுப்பான், எனக்கு அப்படியே உருகும், அடுத்த செகண்டே "அம்மா என் கார் சக்கரம் கழண்டுருச்சு"ம்பான். வாயக் கொப்பளிச்சுட்டு போய் சக்கரத்த மாட்டணும்.

முடியலடா சாமின்னு யார்கிட்டயாவது சொன்னா ஒரு பதில் ரெடியா இருக்கும். "ரெண்டும் நல்லா ஓடியாடுதுல்ல, அதுக்கு சந்தோஷப்படு, எத்தன பேருக்கு அந்தக் குடுப்பினையே இல்ல." எங்க அம்மாவே சொல்லுவாங்க. கெட்ட எண்ணத்துல யாரும் சொல்லல, ஆனா அதக் கேட்ட உடனே வாய் தானா மூடிக்கும். நானும் மூடிக்கிட்டேன். நாலாவது மாசத்துல இருந்து ராத்திரி படுத்துக்கிட்டு, இவ்வளவு நல்ல பிள்ளைங்கள வச்சுக்கிட்டு சலிச்சுக்கிறேனே, நான் நன்றிகெட்டவளோன்னு அழுதுருக்கேன்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்துச்சு. ஹீமோகுளோபின், அதாங்க ரத்தத்துல ஆக்ஸிஜன சுமக்கிற இரும்பு கலந்த பொருள், 9.6. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழ, நடு மூணு மாசத்துல 10.5க்குக் கீழ எறங்குனாலே ரத்தசோகைன்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது. கொறஞ்சது நன்றி இல்லீங்க, இரும்பு!

டாக்டர் அன்னைக்கு உக்கார வச்சு விளக்குனாங்க. மாசமா இருக்கும்போது ஒடம்புல ரத்தமே கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கூடிடுமாம், அதுல நீர்ப்பகுதி கூடுற வேகத்துக்கு சிவப்பணு கூடாது, அதனால நல்லா இருக்கிறவங்களுக்கே அந்த நம்பர் கொஞ்சம் எறங்கும், எனக்கு ரொம்பவே எறங்கிடுச்சு. பத்து மாசத்துக்கும் சேத்து கூடுதலா சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு வேணும், ரெண்டு பிள்ளை பெத்த ஒடம்புல சேமிப்பு எங்க இருக்கும். இதயம் வேற 30லருந்து 50 சதவீதம் வரைக்கும் அதிகமா ரத்தத்த தள்ளுது. சோபால சும்மா கெடக்கேன்னு நெனைக்கிறவங்களுக்கு சொல்றேன், உள்ள ஒரு ஆளு ஓவர்டைம் பாத்துட்டு இருக்காரு. இதுல நான் பண்ண கூத்து என்னன்னா, குடுத்த இரும்பு மாத்திரைய தெனமும் டீயோட போட்டிருக்கேன், டீ அந்த இரும்ப சரியா சேர விடாதாம். இப்ப ரெண்டு மணி நேரம் தள்ளிதான் டீ. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு முட்டுனாலோ நெஞ்சு படபடன்னு அடிச்சாலோ, "மாசமா இருந்தா அப்படித்தான்"னு விட்டுராதீங்க, டாக்டர்கிட்ட போங்க.

ரெண்டு மாசத்துல நம்பர் ஏற ஆரம்பிச்சுது, அப்பதான் வேடிக்கை. யாரும் சொல்லாமலே நன்றி வந்துச்சு. பெரியவ ஸ்கூல் விட்டு வந்து பையத் தூக்கிப் போட்டுட்டு "பசிக்குது"ன்னு கத்துவா பாருங்க, முன்னாடி எரிச்சலா வரும், இப்ப அந்தக் கத்தல்ல எவ்வளவு தெம்பு இருக்குன்னு தோணுது.

ஆனா இதையும் சொல்லணும். என் பிள்ளைங்க நல்லா இருக்கிறது நான் ஏதோ புண்ணியம் பண்ணதால இல்ல. இந்தக் கூட்டத்துலயே பிள்ளையப் பறிகொடுத்தவங்க இருக்கலாம், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலையறவங்க இருக்கலாம், அவங்க என்ன கொறைச்சலா பண்ணாங்க? அவங்க கஷ்டத்தக் காட்டி என்னை சந்தோஷப்படச் சொல்றதே எனக்குப் பிடிக்கல. 1990ல உலகம் பூரா 1000 குழந்தை பொறந்தா 93 குழந்தை அஞ்சு வயசுக்குள்ள போயிடும். 2022ல அது 37. 37ன்னாலும் வயிறு கலங்குது, ஆனா நடுவுல தப்பிச்ச குழந்தைங்களுக்குப் பின்னாடி தடுப்பூசி போட்ட நர்ஸ் இருக்காங்க, நல்ல தண்ணி இருக்கு, வயித்துப்போக்குக்கு கரைச்சுக் குடுத்த உப்பு சர்க்கரைத் தண்ணி இருக்கு. எனக்கு அவங்களுக்குத்தான் நன்றி சொல்லத் தோணுது.

இன்னொரு விஷயம், படிச்சப்ப புல்லரிச்சுது. வயித்துல இருக்கிற குழந்தையோட செல்லு கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலந்து அங்கேயே தங்கிடுமாம். 1996ல வந்த ஒரு ஆய்வுல, பையன் பொறந்து 27 வருஷம் கழிச்சும் ஒரு அம்மா ரத்தத்துல ஆண் செல்லு இருந்துருக்கு. அப்படின்னா மூணாவத சுமந்துக்கிட்டு இங்க உக்காந்திருக்கிற எனக்குள்ள பெரியவளும் சின்னவனும்கூட கொஞ்சம் இருக்கலாம். ரெண்டு பேரும் வெளிய பண்றது போதாதுன்னு...

இருங்க, சின்னவன் அவங்கப்பா மடியிலருந்து எறங்கிட்டான், மேடைக்குத்தான் வர்றான். ஒத்தக் கால்ல ஷூவக் காணோம். பின் வரிசைல எங்கயாவது கெடந்தா கொஞ்சம் எடுத்துக் குடுங்க, என்னால குனிய முடியாது. நன்றி, வணக்கம்.