பக்கத்து வீட்டு அடுப்பும் பின்தெரு வாய்க்காலும்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுத் தொழில் தொந்தரவு, கட்டட அனுமதி, இதுக்கெல்லாம் எப்படிப் புகார் குடுக்கிறதுன்னு பேசக் கூப்பிட்டாங்க. ரெண்டு வருஷமா எனக்கு இதே நெனப்புதான், அதனால நடந்ததையே சொல்றேன்.

எங்க பக்கத்து வீட்டு ஆச்சி பலகாரம் போடுறவங்க. கைமுறுக்கு, சீப்புச்சீடை, மனகோலம், அதிரசம், எல்லாம் கல்யாண ஆர்டர். மொதல்ல கையளவுதான் இருந்துச்சு, அப்புறம் மாவு மெஷின் வாங்கிட்டாங்க. காலைல நாலு மணிக்கு அது ஓட ஆரம்பிச்சா எங்க பட்டாலை, அதான் முன்கூடத்து மாடக்குழியில இருக்க பித்தளைச் சொம்பு கடகடன்னு ஆடும். அடுப்புப் புகை வேற நேரா எங்க ரெண்டாங்கட்டுக்கு, அதான் வீட்டோட பின்பக்கப் பகுதிக்கு வரும், காயப்போட்ட துணியெல்லாம் எண்ணெய் வாசம். மனு எழுதி கையெழுத்தும் போட்டுட்டேன். குடுக்கப் போற அன்னைக்கு, ஒரு தடவ சொல்லிட்டாவது போவோம்னு ஆச்சி வீட்டுக்குப் போனேன். "ஏன் ஆத்தா, இத மொதல்லயே சொல்லக்கூடாதா, எனக்கு அந்தப் பக்கம் கேக்குறது எப்படித் தெரியும்"னாங்க. மறுநாளே மெஷின் கால் நாலுக்கும் பழைய டயர் வெட்டி வச்சாச்சு, நேரம் ஆறரைக்கு மாறிடுச்சு, புகைக்குழாய ஓட்டுக்கு மேல தூக்கி விட்டாங்க. சொம்பு ஆடல.

இதுக்கு நேர் எதிரா நடந்ததுதான் வாய்க்கால் விஷயம். நம்ம செட்டிநாட்டு வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும், உங்களுக்கே தெரியும். நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணியும் வளவுல, அதான் நடு முற்றத்துல எறங்கும், கிடாரம்னு பெரிய பாத்திரத்துல பிடிச்சது போக மிச்சம் கல்லுக்கு அடியில ஓடி, பின்தெரு வாய்க்கால்ல சேந்து ஊர்க்குளமான ஊருணிக்குப் போகும். தண்ணி இல்லாத சீமையில மழைய ஒரு சொட்டு விடாம சேக்கக் கட்டின வழி அது. அந்தப் பின்தெருவுல ஒரு கடைக் கட்டடத்துக்கு அனுமதி குடுத்தாங்க, வாய்க்கால் மேலயே படிக்கட்டு வந்துருச்சு. ஐப்பசி மழைக்கு எங்க வளவுல முழங்கால் தண்ணி. சுண்ணாம்புச் சுவர் ஈரத்த உறிஞ்சி உறிஞ்சி, அப்பத்தா காலத்துப் பூச்சு பொரிஞ்சு விழுந்துச்சு, கையில எடுத்தா இன்னும் வழவழன்னு இருக்கு. அனுமதி வாங்கின வரைபடத்த தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்கிப் பாத்தா, அதுல வாய்க்காலே இல்ல. வரையவே இல்ல! மனைய நேர்ல வந்து பாத்திருந்தா ஒரு குச்சி விட்டுப் பாத்தாலே தெரிஞ்சிருக்கும்.

திரும்பவும் சொல்றேன், வாய்க்கால் வரைபடத்துல இல்ல, அதுதான் என் புகார். கட்டடம் கட்டுறவர் மேல எனக்குக் கோவம் இல்ல, அவரும் பொழைக்கணும். ஆச்சியும் பொழைக்கணும். 2014லயே செட்டிநாட்டு ஊர்கள யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல சேத்தாச்சு, வீட்டப் பாத்து மெச்சுறாங்க, வீட்டுத் தண்ணி போற வழிய யாரும் பாக்கல.

இப்ப 2024 ஜூலைல இருந்து 2500 சதுர அடி மனையில 3500 சதுர அடி வரைக்கும் வீடு கட்ட ஆன்லைன்ல சுயசான்று, அதாவது விதிப்படிதான் கட்டுறோம்னு நாமளே உறுதி குடுத்தா உடனே அனுமதி, சின்ன வீடு கட்டுறவங்களுக்கு நல்ல விஷயம்தான், ஆனா அதிகாரிங்க வந்து பாக்கிறதுக்கு முன்னாடியே வேல ஆரம்பிச்சிடும், அதனால வாய்க்கால் ஓரம் கடக்கால் தோண்டும்போதே நாம போய் நிக்கணும், தளம் போட்டப்புறம் நின்னா...

நேரம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க. வேகமா சொல்லிடுறேன். மனுல ஆள் பேரத் திட்டாதீங்க, எந்த இடம், எத்தன அடி, போட்டோ, தேதி, அது போதும். தகவல் கேக்க 10 ரூபா, 30 நாளைக்குள்ள பதில் வரணும். சிவகங்கை கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கெழம மனு வாங்குவாங்க, முதல்வர் உதவி மையம் 1100க்கு போன்லயும் சொல்லலாம். ரசீது வாங்காம மட்டும் வீட்டுக்குத் திரும்பிடாதீங்க. வர்றேன், வணக்கம்.