சென்சரைக் குற்றம் சொல்லுமுன்

வணக்கம். கிளிநொச்சியில் கராச் வைத்திருக்கும் ஒருவனைக் கூப்பிட்டு, மைக்குக்கு முன்னால் இருத்தி, பேசுங்கள் என்று விட்டிருக்கிறார்கள். ஓடுகிற எஞ்சினுக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டை இது. சத்தம் கூடினால் வானொலியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

குறைக்கும்போது அந்தத் திருகியைக் கவனியுங்கள். பழைய வானொலி என்றால் ஓரிடத்தில் மட்டும் கரகரக்கும். அந்த இடத்தைத் தாண்டினால் குரல் தெளிவாகிவிடும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ சுற்றிச் செய்தி கேட்ட காலத்தில் எங்கள் வீட்டு வானொலிக்கும் அந்த வருத்தம் இருந்தது. திருகிக்குள்ளே கரி பூசிய தடம் ஒன்று இருக்கிறது. அதன்மேல் உரசியபடி ஒரு சின்னத் தகட்டு விரல் ஓடும். நாம் எந்த அளவில் வைத்துக் கேட்கிறோமோ அந்த இடத்தில் தடம் தேய்ந்துபோகும். இன்று நான் பேச வந்த சாமானும் ஏறக்குறைய அதுவேதான், ஆனால் எஞ்சினில் பூட்டியிருக்கும். திறொட்டில் பொசிஷன் சென்சர். கராச்சில் ரி.பி.எஸ். என்போம்.

அக்சிலேற்றரை மிதித்தால் எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வாயில் ஒரு வட்டத் தட்டுத் திறக்கும். அது எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வோல்ற் கணக்கில் கொம்பியூட்டர் பெட்டிக்குச் சொல்வது இந்தச் சென்சர். பெட்டி அதை அப்படியே நம்பும். நம்பித்தான் பெற்றோலை அளந்து விடும்.

நான் தொழில் பழகியது காபரேற்றர் காலத்தில். கொம்பியூட்டர் இல்லாமல் பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் சாமான் அது. 90களில் வன்னிக்குள் பெற்றோல் கண்ணில் காட்டக் கிடையாது. மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில், பழைய ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில். ஸ்ராட் எடுக்க மட்டும் ஒரு சின்னப் போத்தலில் இருந்து நாலு துளி பெற்றோலைப் பீச்சி அடிப்போம். எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாறிவிடுவோம். அப்படி ஓடுகிற எஞ்சினை ரியூன் பண்ண எங்களுக்கு இருந்தது காது மட்டும்தான். ஸ்குரூவைக் கால் சுற்று உள்ளே விட்டு, அரைச் சுற்று வெளியே எடுத்து, சத்தம் சீராகிற இடத்தில் கையை விடுவோம். பிறகு 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோதும், 2009க்குப் பின்னும் ஜப்பான் கார்கள் வந்தன. பொனட்டைத் திறந்தால் காபரேற்றரைக் காணவில்லை. எங்களிடமோ அதே பழைய காது.

சென்சர் பிழைத்தால் கார் எப்படி நடக்கும்? பரந்தனில் இருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் நாற்பது ஐம்பதில் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது, யாரோ பின்னால் பிடித்து இழுத்தது போல ஒரு வெட்டு வெட்டும். காலைக் கொஞ்சம் கூட்டினால் அல்லது குறைத்தால் போய்விடும். அதுதான் நான் சொன்ன கரகரப்பு: நாம் அதிகம் ஓடும் வேகத்துக்கான இடத்தில் தடம் தேய்ந்திருக்கிறது. ஓட்டோ கியர் கார் என்றால் கியர் பிந்தி மாறும், அல்லது இடித்து மாறும். சந்தியில் வந்து நிற்கும்போது எஞ்சின் நின்றுவிடுவதும் உண்டு.

இன்னொன்று வேடிக்கையானது. பழைய டொயோட்டா பலவற்றில் இந்தச் சென்சருக்குள் ஒரு சின்னச் சுவிட்சும் இருக்கிறது. கால் பெடலில் இல்லை என்பதைச் சொல்வது அதன் வேலை. கால் எடுத்த பிறகும் எஞ்சின் வேகமாகச் சுற்றினால், கார் சரிவில் இறங்குகிறது என்று எண்ணிப் பெட்டி பெற்றோலை நிறுத்தும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் பாருங்கள்: நீங்கள் மிதிக்கிறீர்கள், பெட்டியோ கால் இல்லை என்று நினைக்கிறது. எஞ்சின் ஏறும், பெற்றோல் நிற்கும், இறங்கும், பெற்றோல் வரும், திரும்ப ஏறும். நின்ற இடத்திலேயே ஊஞ்சல் ஆடும். இதைப் பார்த்துவிட்டுப் பெற்றோல் பம்பை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இனி அளப்பதற்கு வருவோம். எழுத விரும்புகிறவர்கள் பேனாவை எடுங்கள், இலக்கங்களை ஆறுதலாகச் சொல்கிறேன். திறப்பை ஒன் பண்ணுங்கள், எஞ்சின் ஸ்ராட் வேண்டாம். மீற்றரை டீசீ வோல்ற்றில் வையுங்கள். சென்சரின் சொக்கெற்றைக் கழற்றாமல், வயர் உள்ளே போகிற பின்பக்கத்தால் ஒரு தையல் ஊசியை மெல்லச் செருகி, ஊசியில் மீற்றரைத் தொடுங்கள். வயரின் தோலைக் குத்தி ஓட்டை போடாதீர்கள். எங்கள் கிறவல் றோட்டுப் புழுதியும் மாரித் தண்ணியும் அந்த ஓட்டையால்தான் உள்ளே போகும். பல்ப் ரெஸ்டரை இந்த வயர்களில் வைக்கவே வேண்டாம். பல்ப் இழுக்கிற கரண்ட் பெட்டியையே சாகடித்துவிடும்.

ஒரு வயரில் 5 வோல்ற் அளவில் இருக்க வேண்டும். அது பெட்டி அனுப்புவது. ஒன்று ஏர்த். இன்னொன்று செய்தி சொல்லும் வயர். பழைய டொயோட்டாவில் செய்தி வயர் கால் வைக்காதபோது 0.3க்கும் 0.8க்கும் இடையில் காட்டும். முழுதாக மிதித்தால் 3.2க்கும் 4.9க்கும் இடையில். மற்ற வாகனங்கள் பலவற்றிலும் கிட்டத்தட்ட அரை வோல்ற்றில் தொடங்கி நாலரையில் முடியும். மிதிப்பதற்கு ஒரு தம்பியைக் காருக்குள் இருத்துங்கள். சில கார்களில் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று கையால் தட்டைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், பெடலால் மிதித்தால் மூன்றுக்கு மேல் ஏறாது. கேபிள் தொய்ந்திருக்கும். சில வேளை பெடலுக்குக் கீழே கால்மிதி மடிந்து கிடக்கும், அவ்வளவுதான்.

முக்கியமானது இடைப்பட்ட தூரம். தம்பியிடம் ஆமை வேகத்தில் மிதிக்கச் சொல்லுங்கள். இதற்கு மட்டும் இலக்கம் காட்டும் மீற்றரைவிட முள் மீற்றர் நல்லது. இலக்க மீற்றர் கணக்குப் பார்த்துச் சொல்வதற்குள் வெட்டு வந்து போய்விடும். முள் ஒரே சீராக ஏற வேண்டும். நடுவழியில் ஒருமுறை துடித்து விழுந்து எழும்பினால் தடம் தேய்ந்துவிட்டது, வேறு பேச்சில்லை. கால் வைத்தாலும் எடுத்தாலும் 5 வோல்ற்றிலேயே நின்றால் ஏர்த் வயர் அறுந்திருக்கலாம். பூச்சியத்திலேயே நின்றால் 5 வோல்ற் வயரைப் பாருங்கள். இரண்டிலும் சென்சர் பாவம்.

அந்தப் பாவத்தை நானும் கட்டிக்கொண்டவன்தான். நாலைந்து வருடம் இருக்கும். மாரி முடிந்த தை மாதம். முல்லைத்தீவுப் பக்கம் ஹயர் ஓடுகிற ஒரு பழைய ஜப்பான் கார். கொண்டுவந்தவர் என்னைவிட மூத்தவர். "தம்பி, நிண்டுகொண்டே உறுமுது, பெற்றோலும் கண்டபாட்டுக்குக் குடிக்குது" என்றார். காதால் கேட்டேன், மனதுக்குள் முடிவு எடுத்துவிட்டேன். மீற்றரை ஒப்புக்குத்தான் வைத்தேன். கால் வைக்காமலே 1.1. "சென்சர் போயிட்டுது ஐயா" என்று தீர்ப்புச் சொன்னேன். அவர் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, கழற்றிய சென்சர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். பூட்டினேன். 1.1.

அவர் ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

முதலே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். மீற்றரின் கறுப்பு வயரைப் பற்றரியின் நெகற்றிவ்வில் வைத்து, சிவப்பைச் சென்சரின் ஏர்த் வயரில் தொட்டேன். கிட்டத்தட்டப் பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் 0.6. சொக்கெற்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், அந்த ஒரு பின்னில் மட்டும் பச்சைக் களிம்பு. வெள்ளத்துக்குள் இறங்கி ஏறிய கார். களிம்பு தடுத்த 0.6, சென்சர் சொல்ல வேண்டிய அரை வோல்ற்றின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதோடு முடியவில்லை. எஞ்சின் தண்ணியின் சூட்டைச் சொல்லும் சென்சருக்கும் பெரும்பாலும் அதே ஏர்த்தான். அதுவும் பிழைத்ததால், கொதிக்கிற எஞ்சினைப் பெட்டி குளிர் எஞ்சின் என்று நினைத்துப் பெற்றோலைக் கூட்டி விட்டிருக்கிறது. உறுமலும் குடியும் ஒரே பின்னில் இருந்து வந்தவை. பின்னைச் சுரண்டித் துடைத்துப் பழைய சென்சரையே திரும்பப் பூட்டினேன். அரை வோல்ற். வாங்கிய சென்சரின் காசை அவருக்குக் கொடுத்தேன். பஸ் காசை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அந்தச் சென்சர் இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

ஏர்த் சரி, 5 வோல்ற் சரி, முள் சீராக ஏறுகிறது, தொடக்க அளவு மட்டும் பிழை என்றால்தான் அட்ஜஸ்ட் பண்ணும் வேலை. அதற்கும் முன்னால் திறொட்டில் வாயைக் கழுவுங்கள். கரி பிடித்துத் தட்டு முழுதாக மூடாமல் நின்றால் எந்த அளவும் பொய்தான். கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள், சென்சருக்குள் போகவிடாதீர்கள். தட்டு வந்து இடிக்கிற இடத்தில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். கம்பனி வைத்த ஸ்குரூ அது. ஐட்லிங்கை, அதாவது கால் வைக்காதபோது எஞ்சின் சுற்றுகிற வேகத்தை, கூட்டுகிறேன் என்று அதைத் திருகியவர் கை எனக்குக் கிடைத்தால்! சரி, விடுவோம்.

சென்சரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரூவின் ஓட்டைகளைப் பாருங்கள். நீளவாட்டில் இருந்தால் சென்சரைத் திருப்பலாம். வட்டமாக இருந்தால் அட்ஜஸ்ட் கிடையாது. அரத்தால் ராவி ஓட்டையைப் பெருப்பிக்கிற வேலை வேண்டாம். ஜப்பான் ஸ்குரூவின் கூட்டல் குறி வெட்டு மற்றதைவிடக் கொஞ்சம் வேறு. சாதாரண ஸ்குரூ ட்றைவர் அதில் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். பொருந்துகிற ஒன்றை வைத்து, பிடியில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கழற்றுங்கள்.

சுவிட்ச் உள்ள சென்சருக்கு, அந்தக் காலத்தில் பழைய எஞ்சின்களுக்குப் பொயின்ற் இடைவெளி வைத்த அதே ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள், போதும். இடிக்கிற ஸ்குரூவுக்கும் திறொட்டில் நெம்புக்கும் இடையில் தகட்டைச் செருகுவது. அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். உதாரணத்துக்கு, டொயோட்டாவின் 22ஆர்-ஈ எஞ்சினுக்கு 0.57 மில்லிமீற்றர் தகட்டில் சுவிட்ச் தொட வேண்டும், 0.85இல் விட வேண்டும். அட்ஜஸ்ட் பண்ணும்போது 0.70 தகட்டை வைத்து, சொக்கெற்றைக் கழற்றிவிட்டு, மீற்றரை ஓமில் போட்டு, சுவிட்ச் தொடுகிற புள்ளி வரும்வரை சென்சரை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். சுவிட்ச் இல்லாத, திருப்பக்கூடிய சென்சர் என்றால் தகடு வேண்டாம். சொக்கெற் பூட்டியபடி, செய்தி வயரில் கார் கம்பனிப் புத்தகம் சொல்லும் வோல்ற் வரும்வரை திருப்புங்கள்.

இறுக்கும்போதுதான் கைப்பழக்கம் தெரியும். ஒரு ஸ்குரூவை முழுதாக இறுக்கினால் சென்சர் தானும் சேர்ந்து அசைந்து, 0.5 போய் 0.6 ஆகிவிடும். இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம், கண் மீற்றரில். முடிந்ததும் திரும்ப அளவு பாருங்கள். எனக்கு இப்பவும் இரண்டு மூன்று முறை பிடிக்கிறது.

பெடலில் இருந்து கேபிளே போகாத பிந்திய கார்களில் சென்சர் இரட்டையாக இருக்கும். அதில் கை வைக்காதீர்கள். பெட்டி சொல்வதை வாசிக்கும் ஸ்கானர் உள்ளவரிடம் கொண்டுபோங்கள்.

வேலை முடிந்தால் காரை எடுத்துக்கொண்டு ஏ9 பாதையால் முறிகண்டி வரைக்கும் ஓடுங்கள். நாற்பதில், ஐம்பதில், அறுபதில் காலை ஒரே அளவில் பிடித்துப் பாருங்கள். பிள்ளையாரடியில் எப்படியும் நிற்கத்தானே போகிறீர்கள். ஒருவர் காருக்குள் இருக்க, எஞ்சினை நிற்பாட்டாமல் இறங்கிக் கச்சான் வாங்குங்கள். அந்த அம்மா அளந்து, பைக்குள் கொட்டி, மிச்சக் காசு எண்ணித் தருகிற நேரம் முழுக்க ஐட்லிங் அசையாமல் நின்றால், வேலை சரி. வணக்கம்.