மனச்சோர்வில் வரும் மறதி அல்சைமரா? ஹிப்போகாம்பஸ் பற்றி ஒரு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகப் பேசுகிறேன். 46 வயதுள்ள ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். "மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். மறதி ரொம்ப அதிகமாகிவிட்டது. அடுப்பில் பால் வைத்தது மறந்துபோகிறது, நேற்று யாரிடம் என்ன பேசினேன் என்பது மறந்துபோகிறது. தலைவலிக்காக எடுத்த ஸ்கேனில் ஹிப்போகாம்பஸ் லேசாகச் சிறுத்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். என் அம்மாவுக்கு 70 வயதுக்கு மேல் அல்சைமர் வந்தது. எனக்கும் அது ஆரம்பித்துவிட்டதா? போன ஞாபகசக்தி திரும்புமா?"

சகோதரி, முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டின் அந்த ஒரு வரியை வைத்து அல்சைமர் என்று முடிவு செய்ய முடியாது. 46 வயதில் அல்சைமர் வருவது மிக அரிது. அம்மாவுக்கு வந்ததால் பிற்காலத்தில் உங்களுக்கு வாய்ப்பு ஓரளவு கூடும்தான். ஆனால் இந்த வயதில் மனச்சோர்வோடு சேர்ந்து மறதி வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த மனச்சோர்வைத்தான்.

சரி, ஹிப்போகாம்பஸ் என்றால் என்ன? காதுகளுக்கு உட்புறமாக, மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சிறிய பகுதி. அது என்ன வேலை செய்கிறது என்பதை உலகம் புரிந்துகொண்டது ஒரு மனிதரின் பெரும் இழப்பால். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி மொலைசனுக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953இல், அவருக்கு 27 வயது இருக்கும்போது, ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் இரண்டு பக்க ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியைச் சுற்றியிருந்த பகுதிகளோடு சேர்த்து அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதையும் அவரால் மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் பல வருடங்கள் அவரைச் சந்தித்துப் பரிசோதித்தார். ஒவ்வொரு முறையும் அவருக்கு மில்னர் புதிய ஆள்தான்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பு தருவது ஒன்று உண்டு. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோட்டின் மேல் வரையச் சொன்னார் மில்னர். நாளுக்கு நாள் மொலைசனின் கை தேறியது. ஆனால் இதற்கு முன் அப்படி வரைந்ததே அவருக்கு நினைவில்லை. அவருடைய சிறுவயது ஞாபகங்களும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. ஆக, கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தைச் சார்ந்தது. இன்று நடந்ததை நாளைக்கு நினைவாக மாற்றித் தருவதற்குத்தான் ஹிப்போகாம்பஸ் வேண்டும். மொலைசன் 2008இல் 82 வயதில் இறந்தார். நினைவாற்றலைப் பற்றி இன்று நாம் பேசுவதில் பெரும்பகுதி அவர் கொடுத்தது.

அப்புறம், இதற்கும் மனநலத்துக்கும் என்ன தொடர்பு? மன அழுத்தம் வரும்போது அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்டிசால் என்ற ஹார்மோன் வருகிறது. அதை உணரும் ஏற்பிகள் ஹிப்போகாம்பஸில் ஏராளம். 1968இல் புரூஸ் மெக்யூவன் என்ற விஞ்ஞானி எலிகளில் இதைக் காட்டினார். கார்டிசால் போதும், நிறுத்து என்று பிரேக் போடுவதில் ஹிப்போகாம்பஸுக்கும் பங்கு உண்டு. மாதக்கணக்கில் கார்டிசால் உயர்ந்தே இருந்தால் அந்த பிரேக்கே தேய ஆரம்பிக்கிறது. பிறகு அழுத்தத்தை அடக்குவதும் கடினம், புதிதாக எதையும் மனதில் பதிய வைப்பதும் கடினம். மனச்சோர்வும் மறதியும் கைகோத்து வருவதற்கு இது ஒரு காரணம்.

குஷிங் நோயில் கட்டி காரணமாக உடலில் கார்டிசால் மிக அதிகமாகச் சுரக்கும். அந்த நோயாளிகளிடம் ஹிப்போகாம்பஸ் சிறுத்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். சிகிச்சையால் கார்டிசால் இறங்கிய பிறகு அது ஓரளவு மீண்டும் வளர்ந்ததையும் பார்த்திருக்கிறார்கள். சிறுத்தது சிறுத்ததுதான் என்று நினைத்துக் கலங்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறிதாக இருப்பதெல்லாம் நோயால் சிறுத்தது என்று அர்த்தமில்லை. வியட்நாம் போருக்குப் போய் மன அதிர்ச்சி நோயோடு திரும்பிய வீரர்களையும், போருக்கே போகாத அவர்களுடைய ஒரே கரு இரட்டையர்களையும் ஸ்கேன் செய்து 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. நோய் கடுமையாக இருந்த வீரர்களுக்கு ஹிப்போகாம்பஸ் சிறிதாக இருந்தது. வீட்டில் இருந்த சகோதரருக்கும் சிறிதாகவே இருந்தது! அதாவது சிலருக்கு அமைப்பே அப்படி. உங்களுடைய பழைய ஸ்கேன் இருந்தால்தான் சிறுத்ததா, முதலிலிருந்தே இந்த அளவுதானா என்று ஒப்பிட முடியும்.

பால் பொங்கும் விஷயத்துக்கு வருகிறேன். அது பெரும்பாலும் கவனம் சார்ந்தது. மனம் கவலையில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் வைத்தது மனதில் பதிவதே இல்லை. பதியாததைத் தேடினால் எங்கே கிடைக்கும்? வீட்டில் இருப்பவர்கள் இதை அலட்சியம் என்று திட்டுவதைக் கேட்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. தயவுசெய்து திட்டாதீர்கள்.

பொதுவாக, மனச்சோர்வில் மறதி வந்தவர் தானே வந்து "எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை டாக்டர்" என்று வேதனைப்படுவார். அல்சைமரில் பல நேரம் குடும்பத்தார்தான் அழைத்து வருவார்கள். அவர் தனக்கு ஒன்றுமில்லை என்பார். இது ஒரு குறிப்பு மட்டும்தான், பரிசோதனை ஆகாது. சில நேரம் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

நடைப்பயிற்சியைப் பற்றியும் சொல்கிறேன். 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 120 முதியவர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் வாரம் 3 நாள், 40 நிமிடம் வரை வேகமாக நடந்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது குறைந்திருந்தது. அவர்கள் மனச்சோர்வு நோயாளிகள் அல்ல, அதனால் அதே கணக்கை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் மனச்சோர்வுக்கும் நடை நல்லது என்பதால் தயங்காமல் ஆரம்பியுங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது தைராய்டு, வைட்டமின் பி12 பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். இவை இரண்டில் எது குறைந்தாலும் மறதி வரலாம், அதைச் சரிசெய்யவும் முடியும். தூக்கம் எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். சில தூக்க மாத்திரைகளும் சில அலர்ஜி மாத்திரைகளும் ஞாபகத்தை மந்தமாக்கும். மறதிக்கு மாத்திரைதான் காரணம் என்று நீங்களாக எதையும் திடீரென நிறுத்திவிடாதீர்கள். இடையில் மனம் தாங்க முடியாத நிலைக்குப் போனால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.