நீங்கள் இல்லாமலும் நடக்கட்டும்

(தொழில்நுட்ப நிறுவனங்களில் குழுத்தலைவர்களாகவும் மேலாளர்களாகவும் பணிபுரிவோரிடையே மார்த்தாண்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் இரணியலிலோ குழித்துறையிலோ காலையில் ரயிலேறி, பாறசாலையைக் கடந்து, கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள். கேரள அரசு 1990இல் தொடங்கிய அந்த வளாகம் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. குமரி மாவட்டத்துப் பொறியியல் பட்டதாரிகளுக்குச் சென்னையைவிடப் பக்கமும் அதுதான். அங்கே வேலைக்குச் சேரும் வழி நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து, ஒரு குழுவுக்குத் தலைவரான பிறகு, அதற்கு மேல் போவது எப்படி என்று சொல்லித்தரத்தான் நம் பக்கத்தில் ஆளில்லை. ஆகவே அதைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

கல்யாணப் பந்தியில் இலை போட்டுப் பருப்பும் பரிமாறிய பிறகு, கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, சர்வரை மறுபடி இயக்குவதற்கான கட்டளையை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு குழுத்தலைவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் கெட்டிக்காரர், நாணயமானவர். பில்லிங் மென்பொருளின் மூலைமுடுக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி. அடுத்த நிலைப் பதவி காலியானபோது அவர் பெயர் முதலில் வந்தது, "அவரை எடுத்துவிட்டால் பில்லிங்கை யார் பார்ப்பது?" என்ற ஒரே கேள்வியில் அந்தப் பெயர் அடிபட்டுப் போனது. தான் இல்லாமல் வேலை நடக்காது என்ற நிலையைப் பாதுகாப்பு என்று எண்ணி வளர்க்கிறோம். அதுவே நம்மை அந்த நாற்காலியில் கட்டிப்போட்டுவிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றைப் பாருங்கள். நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பிறந்த என். சந்திரசேகரன் 1987இல் டி.சி.எஸ். (டாடா கன்சல்டன்சி சர்வீசஸ்) மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து, 2009இல் அதன் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். பெரிய நிறுவனத்தைச் சிறு வணிகப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பொறுப்பேற்று நடத்தத் தனித்தனித் தலைவர்களை அமர்த்தியது அவருடைய காலத்து முக்கியமான மாற்றம். 2017 ஜனவரியில் டாடா குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸ் அவரைத் தலைவராக அறிவித்தபோது, டி.சி.எஸ்.ஸின் நிதித் தலைவராக இருந்த ராஜேஷ் கோபிநாதனின் பெயர் அவர் இடத்துக்கு உடனடியாக அறிவிக்கப்பட்டது. வெளியே போய் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. சந்திரசேகரன் மேலே போனதற்குத் திறமை முதல் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவரை விடுவிக்கக்கூடிய நிலையில் நிறுவனம் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் அளவில் இதைச் செய்வது எப்படி? இரவில் பழுது வந்தால் அழைப்பை ஏற்றுப் பார்க்கும் பொறுப்பைச் சுழற்சி முறையில் எல்லாருக்கும் கொடுங்கள். பழுது வந்தால் பார்க்க வேண்டிய படிகளை, புதிதாகச் சேர்ந்தவர் தனியாகப் படித்துச் செய்யும் அளவுக்கு எழுதி வையுங்கள். வாடிக்கையாளர் கூட்டத்தில் உங்களுக்கு அடுத்தவரைப் பேச விட்டு, நீங்கள் பக்கத்தில் இருங்கள். அவர் தடுமாறினால் அவசரப்பட்டுக் குறுக்கிடாதீர்கள். இந்தக் கடைசிக் காரியம்தான் கடினம், பயனுள்ளதும் அதுவே.

அடுத்து, பதவி உயர்வு முடிவாகும் அறை. பல நிறுவனங்களில் மேலாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து எல்லாருடைய பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். உங்கள் மேலாளர் சில நிமிடங்கள் உங்களுக்காகப் பேசுவார். அவர் பேசுவதற்கு நீங்கள் என்ன கொடுத்திருக்கிறீர்கள்? "பணப்பரிமாற்றப் பிரிவைச் சிறப்பாக நடத்தினேன்" என்று ஆண்டு மதிப்பீட்டில் எழுதினால் அவர் வாயில் சொல்ல ஒன்றுமில்லை. "பணப்பரிமாற்றப் பிரிவில் மாதக் கடைசியில் வந்துகொண்டிருந்த முடக்கத்துக்குக் காரணம் ஒரே தரவுத்தளத்தில் மூன்று குழுக்கள் எழுதியதுதான் என்று கண்டறிந்து, மூன்று குழுக்களையும் இணங்கவைத்துப் பிரித்தேன், இப்போது அதை என் குழுவில் இருவர் தாங்களே நடத்துகிறார்கள்" என்று எழுதினால், அவர் அதை அப்படியே எடுத்துச் சொல்லலாம். பிரச்சினை, உங்கள் முடிவு, பிற குழுக்கள் மீது உங்களுக்கு இருந்த செல்வாக்கு, உங்களுக்குப் பின் யார் என்பது வரை எல்லாமே அதில் இருக்கின்றன.

நடக்காமல் தடுத்ததையும் எழுத வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஒரு புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அத்தகைய புதுப்பிப்புகளை இனிப் படிப்படியாக வெளியிடுவோம் என்று அந்நிறுவனம் அதன் பிறகு அறிவித்தது. முதலில் நூறு கணினிகளுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்புவோம் என்று உங்கள் நிறுவனத்தில் வாதாடி வென்ற தலைவரை யாரும் பாராட்டமாட்டார்கள், ஏனெனில் ஒன்றுமே நடக்கவில்லை. அதை அவரே பதிவு செய்யாவிட்டால் அந்த உழைப்பு இருந்த இடம் தெரியாது.

மேலே போவது என்றால் மேலாளராவது மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆளை நடத்தாமல் தொழில்நுட்பத்திலேயே உயரும் ஏணியும் பெரிய நிறுவனங்களில் உண்டு. நமக்குப் பக்கத்துத் தென்காசியில் இருந்துகொண்டு ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தை நடத்திய ஸ்ரீதர் வேம்பு, 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டுத் தலைமை விஞ்ஞானி ஆனார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாலை ரயிலைப் பிடிக்கக் கிளம்பும் பெண்கள் நம் குழுக்களில் பலர். அவர்கள் போன பிறகு தேநீர்க் கடையில் எடுக்கும் முடிவுகளில் அவர்களுக்குப் பங்கில்லை; பங்கில்லாததால் அவர்கள் பெயர் அந்த அறைக்கும் போவதில்லை. இதை நான் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன். குழுத்தலைவர் நீங்கள்தானே? முடிவெடுக்கும் பேச்சைப் பகலுக்கு மாற்றுங்கள், முடிவையும் அதன் காரணத்தையும் எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதுங்கள், மறுப்புச் சொல்ல ஒருநாள் அவகாசம் கொடுங்கள். உங்கள் இடத்துக்கு அடுத்து யார் என்று உங்கள் மேலாளர் கேட்கும்போது, அந்த ரயிலில் போகிறவர்களையும் எண்ணிப் பார்த்துவிட்டுப் பெயரைச் சொல்லுங்கள்.