பழைய பிக்கப்ல க்ளட்ச் பெடல் அப்பப்ப கீழ இறங்குதா? கியர்பாக்ஸை இறக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம் நண்பர்களே. இன்னிக்கு பழைய பிக்கப் வெச்சிருக்கறவங்களுக்கான வீடியோ. பெடல் முக்கால்வாசி நேரம் நல்லாத்தான் இருக்கும். திடீர்னு சிக்னல்ல க்ளட்சை மிதிச்சு நிக்கும்போது காலுக்குக் கீழ மெதுவா இறங்கும், வண்டி தானா முன்னாடி நகரப் பார்க்கும், கியர் மாத்தப் போனா கரகரன்னு சத்தம். ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணா சரியாயிடும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனா அங்க ஒரு தப்பும் காட்டாது.

உடனே வர்ற பதில், "க்ளட்ச் பிளேட் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்." தயவுசெஞ்சு சரின்னு தலையாட்டிடாதீங்க. பிளேட் தேய்ஞ்சா வண்டி ஸ்லிப் ஆகும். ஆக்சிலரேட்டர் கொடுத்தா இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது, மேட்டுல நல்லாவே தெரியும். பெடல் தானா இறங்கறது வேற கதை. அது ஆயில் அழுத்தம் எங்கயோ நழுவறதைச் சொல்லுது.

கேமராவைக் கீழ கொண்டு வர்றேன். பெடலுக்குப் பின்னாடி இந்த புஷ் ராடு தெரியுதா? இது மாஸ்டர் சிலிண்டருக்குள்ள போகுது. அங்கிருந்து பைப் வழியா அழுத்தம் கியர்பாக்ஸ் பக்கத்துல இருக்கற ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய், அது ஃபோர்க்கை, அதாவது க்ளட்சை விடுவிக்கற நெம்புகோலைத் தள்ளுது. மாஸ்டருக்குள்ள ஆயில் பின்னாடி தாண்டாம அடைக்கற ஒரு ரப்பர் கப் இருக்கு, கோளாறு பெரும்பாலும் அதுலதான்.

அது ஏன் சில நேரம் மட்டும் படுத்துதுன்னு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. வேகமா மிதிச்சா அழுத்தம் சட்டுனு ஏறி, கப்போட ஓரத்தை சிலிண்டர் சுவர்ல அழுத்திப் பிடிச்சிரும், ஆயில் தாண்டாது. மெதுவா மிதிச்சா அந்தப் பிடி வர்றதுக்குள்ள ஆயில் தேய்ஞ்ச ஓரத்தைத் தாண்டி மறுபடி மாஸ்டரோட ஆயில் டப்பாவுக்கே போயிடும். வெளிய ஒரு சொட்டு ஒழுகாது, டப்பாவுல லெவலும் குறையாது. ஒர்க்‌ஷாப்ல எல்லாரும் டக்கு டக்குன்னு வேகமா மிதிச்சுப் பார்க்கறாங்க, அதனாலதான் அங்க சிக்கறதே இல்ல.

அதனால நீங்க மெதுவா மிதிங்க. இன்ஜின் ஆஃப்ல, கால் நுனியால கொஞ்சம் கொஞ்சமா அழுத்தி, பாதியில நிறுத்திப் பிடிங்க. பாருங்க, என் காலை நான் கூடுதலா அழுத்தல, பெடல் தானா போகுது.

இப்ப வண்டிக்குக் கீழ. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துட்டு, கியரை நியூட்ரல்ல போட்டுட்டுத்தான் இறங்கணும். ஒருத்தர் பெடலை முழுசா மிதிச்சுப் பிடிச்சிருக்கட்டும். நீங்க ஸ்லேவ் ராடு பக்கத்துல ஒரு ஸ்கேலை வெச்சுப் பாருங்க. ராடு வெளிய வந்து அப்படியே நிக்கணும். பெடலை விடாமலே ராடு உள்ள திரும்பி வந்துச்சுன்னா, கோளாறு ஆயில் பக்கம்தான். ராடு முழுசா வந்து நின்னும் கியர் கரகரன்னா, அப்பதான் கியர்பாக்ஸை இறக்கற பேச்சு. ஃபோர்க், பிரஷர் பிளேட், ஃப்ளைவீல் நடுவுல இருக்கற பைலட் பேரிங் எல்லாம் அப்பதான் பார்க்கணும்.

மாஸ்டரா ஸ்லேவான்னு தெரிய, ஸ்லேவோட ரப்பர் மூடியை விரலால விலக்குங்க. உள்ள ஆயில் ஈரம் இருந்தா ஸ்லேவ். காய்ஞ்சிருந்தா, மாஸ்டர்ல பைப் போற வாயைக் கழட்டி சரியான அளவு ப்ளக்கால அடைச்சு, உள்ள இருக்கற ஏரை எடுத்துட்டு மிதிங்க. பெடல் கெட்டியா நிக்கணும். அப்பவும் இறங்குச்சுன்னா மாஸ்டர்தான், சந்தேகமே வேண்டாம். சில வண்டியில ஸ்லேவ் கியர்பாக்ஸ் ஹவுசிங்குக்குள்ளயே இருக்கும், ராடு கண்ணுல படாது. அங்க ஹவுசிங் அடியில ஈரம் இருக்கான்னு பாருங்க.

இன்னொண்ணு, பழைய வண்டியில ரொம்ப பேர் கவனிக்காதது. மாஸ்டர் மாட்டியிருக்கற ஃபயர்வால் தகடு, அதாவது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தடுப்பு. கையை அதுமேல வெச்சுட்டு மிதிக்கச் சொல்லுங்க. தகடு முன்னாடி வளைஞ்சா, உங்க மிதியில பாதி அந்த வளைவுலயே போயிடுது. புது சிலிண்டர் போட்டாலும் தீராது, விரிசல் இருந்தா வெல்டு வெச்சு பலப்படுத்தணும்.

இன்ஜின் சூடானப்புறம் மட்டும் பெடல் சொதசொதன்னு ஆகுதா? ஆயிலைச் சந்தேகப்படுங்க. க்ளட்ச்சுலயும் ஊத்தறது பிரேக் ஆயில்தான், அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். டாட் 3ங்கற வகை பிரேக் ஆயில் புதுசா இருந்தா 205 டிகிரிக்கு மேலதான் கொதிக்கணும், ஈரம் ஏறிட்டா 140 வரைக்கும் இறங்கிடலாம். பைப் எக்ஸாஸ்ட் பக்கத்துல போச்சுன்னா உள்ள ஆவி குமிழ் வந்துடும். ஆயில் கறுத்திருந்தா முதல்ல அதை மாத்திட்டு அப்புறம் மத்ததைப் பாருங்க.

நம்ம வண்டியில ஸ்லேவ் காய்ஞ்சிருக்கு, ஃபயர்வால் அசையல, ப்ளக் வெச்சும் பெடல் இறங்குது. மாஸ்டர்தான். ரப்பர் கிட் மட்டும் மாத்தலாமான்னு கேப்பீங்க. சிலிண்டர் உள்சுவர்ல குழியோ கீறலோ இருந்தா புது கப்பும் சீக்கிரமே தேய்ஞ்சிரும், அதனால நான் முழு சிலிண்டரே போடறேன். மாட்டும்போது புஷ் ராடுல கொஞ்சம் ப்ளே, அதாவது சின்ன இடைவெளி விடுங்க. ப்ளே இல்லேன்னா உள்ள இருக்கற சின்ன ஓட்டை மூடியே இருக்கும், ஆயில் சூடாகி விரிஞ்சா திரும்பிப் போக வழி இல்லாம க்ளட்ச் ஸ்லிப் ஆகும். ஏர் எடுக்கறதை அடுத்த வீடியோவுல தனியாக் காட்டறேன்.